சிரிப்பில் முடிந்த ஒரு கேள்வி

தியானப் பகுதி: யோபு 12:7-10





இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையிடுதலோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, குருத்துவப் பணியில் நான் புதியவனாயிருந்தபோது, வேறொரு சேகரத்தில் திடப்படுத்தல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை விளக்கி முடித்த வேளையில், கடைசி வரிசையிலிருந்த ஒரு பையன் எழுந்து நின்றான். உயிரினங்கள் நெடுங்காலமாகச் சிறிது சிறிதாக மாறி வந்தவை என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்ததாகவும், வேதம் வேறுவிதமாகச் சொல்லுவதாகவும் கூறி, "இரண்டில் எது சரி ஐயா?" என்று கேட்டான். அவன் குரலில் துடுக்கு இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பினான்.

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவோ மனம் வரவில்லை. "அப்படியானால் உன் தாத்தா எந்த மரத்தில் குடியிருந்தார்?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். பையன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் எதையும் கேட்கவில்லை. திடப்படுத்தல் பெற்றான், திருவிருந்திலும் பங்குகொண்டான், சில ஆண்டுகளில் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

கடந்த ஆண்டு நம் சபையில் ஒரு வயதான தாயாரை அடக்கம் செய்தோம். மகள் வீட்டில் தங்கியிருந்தவர் அவர். அடக்க ஆராதனை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவருடைய மகன் என் அருகில் வந்து, "ஐயாவுக்கு என்னை நினைவிருக்கிறதா?" என்றார். வெளிமாநிலக் கல்லூரியொன்றில் விலங்கியல் கற்பிக்கிறாராம். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்தக் கடைசி வரிசை என் கண்முன் வந்தது. அன்றைய வார்த்தைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அன்றைக்கு நீங்கள் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிறும் கேட்டிருப்பேன் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்ற நான், நான் பரிகசித்த அந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது என்பதை ஒருநாளும் கற்க முயன்றதில்லை. ஆகவே இந்த ஓராண்டு அதை வாசித்தேன். வாசித்ததில் என்னை வியக்கவைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

பெயரிட்டவர்கள்

ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில், மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் ஆதாம் என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படி, தேவன் அவைகளை அவனிடத்தில் கொண்டுவருகிறார். மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் அறிவுப்பணி பெயரிடுதலே. பரிணாமக் கொள்கையின் வேரைத் தேடிச் சென்றபோது, அங்கேயும் முதலில் பெயரிட்டவர்களையே கண்டேன். அவர்களில் பலர் நம் திருச்சபையின் மக்கள் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ். அவர் ஒரு லுத்தரன் போதகரின் மகன். தேவன் படைத்ததைத் தாம் வரிசைப்படுத்துவதாகவே அவர் எண்ணினார். மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் முதன்முதலாக வைத்தவரும் அவர்தாம். டார்வின் தமது நூலை வெளியிடுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1758-இல், அந்த வரிசைக்குப் 'பிரைமேட்' என்று பெயரிட்டுவிட்டார். உடலமைப்பைப் பார்த்தால் வேறெங்கும் வைக்க இடமில்லை என்பதே அவருடைய காரணம்.

லின்னேயஸ் தமது நூல்களுக்குப் பயன்படுத்தியவற்றில் ஒன்று, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'. கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுத்தது. அதன் மூலிகை அறிவில் பெரும்பகுதி, சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியரான இட்டி அச்சுதன் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது. நம் சோதனைச் சாவடிக்கு அப்பால் விளையும் செடிகளை ஒரு நாட்டு வைத்தியர் அறிந்திருந்த அறிவு, ஐரோப்பிய அறிவியலின் அடித்தளத்தில் ஒரு கல்லாக அமைந்தது.

லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருடைய ஆர்வம் அங்கிருந்த மிஷனெரிகளையும் பற்றிக்கொண்டது. கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் ஐயர் மீன்களையும் பாம்புகளையும் சேகரித்தார். ராட்லர் ஐயர் செடிகளைச் சேகரித்தார். காலையில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டு, மாலையில் கடற்கரையில் மீனவரிடம் புதிய மீன் உண்டா என்று கேட்கும் ஒரு போதகரைக் கற்பனை செய்து பாருங்கள். ஜான் ஐயர் அனுப்பிய மீன்களை பெர்லின் நகரத்து மருத்துவர் பிளாக் விவரித்து வெளியிட்டார். நாம் சந்தையில் வாங்கும் கத்தாளை மீனின் ஒரு பேரினத்துக்கு, அந்தப் போதகரின் பெயரால் 'ஜானியஸ்' என்று 1793-இல் பெயரிட்டார். நம் ஊரில் இருதலைப் பாம்பு என்று சொல்லப்படும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான 'எரிக்ஸ் ஜானியை' என்பதிலும் அவர் பெயரே நிற்கிறது.

1804-இல் ரிங்கல்தௌபே ஐயர் முதலில் வந்திறங்கித் தமிழ் கற்றது அதே தரங்கம்பாடியில்தான். அப்போது ஜான் ஐயர் அங்கே மூத்த மிஷனெரி. பின்பு 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, நம் சபைகளின் வித்தை இம்மண்ணில் ஊன்றினார். நமக்குச் சுவிசேஷம் வந்த அதே வாசல் வழியாகத்தான் இயற்கையைக் குறித்த அந்த ஆர்வமும் வந்தது. இரண்டுக்கும் இடையே சுவர் எழுப்பியது பிற்காலத்தவராகிய நாமே.

சென்னையிலிருந்து சென்ற புறாக்கள்

சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் பயின்றது போதகராகும் நோக்கத்தோடு. அவரை 1831-இல் பீகிள் என்னும் கப்பலில் போகும்படி பரிந்துரைத்த பேராசிரியர் ஹென்ஸ்லோ தாவரவியல் அறிஞர். அவரும் ஒரு குருவானவர். 1838-இல் டார்வினின் சிந்தையில் பொறியை எழுப்பிய, மக்கட்பெருக்கத்தைப் பற்றிய நூலை எழுதிய மால்தஸ் என்பவரும் குருவானவரே. கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலரைப் பயிற்றுவித்த கல்லூரியில் பேராசிரியராயிருந்தவர்.

1859 நவம்பரில் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலின் முதல் அதிகாரம் குரங்கைப் பற்றியதன்று. அதில் புறாக்கள் முக்கிய இடம் பெறுகின்றன. உலகின் பல பாகங்களிலிருந்தும் வளர்ப்புப் புறாக்களின் தோல்களை டார்வின் வரவழைத்தார். இந்தியாவிலிருந்து அவற்றை அனுப்பியவர் சென்னை மாகாண அதிகாரியான வால்ட்டர் எலியட். அவருக்கு டார்வின் அந்த அதிகாரத்திலேயே நன்றி கூறுகிறார். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் காட்சிச்சாலையைக் கவனித்துவந்த எட்வர்டு பிளைத் இந்தியப் பறவைகளையும் கால்நடைகளையும் குறித்துப் பக்கம் பக்கமாக அவருக்கு எழுதினார். மலாய்த் தீவுகளில் சுற்றித்திரிந்த வாலஸ் என்பவர் அதே முடிவுக்குத் தனித்து வந்து, 1858-இல் டார்வினுக்கு எழுத, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் இலண்டனில் இருவர் கருத்தும் ஒருங்கே வாசிக்கப்பட்டன. லின்னேயஸின் பெயரைத் தாங்கிய சங்கத்திலேதான் அது நடந்தது.

அந்தக் கருத்து என்ன? அதைப் புரிந்துகொள்ள நம் தோட்டங்களே போதும். செவ்வாழைத் தோப்பில் எப்போதாவது ஒரு வாழை பச்சைக் குலை தள்ளுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே கிழங்கின் வழிவந்தது, ஆயினும் வேறுபட்டது. ரப்பர் பயிரிடுவோருக்கு 'ஆர்.ஆர்.ஐ.ஐ. 105' தெரியும். பால் மிகுதியாகத் தரும் மரத்தைத் தெரிந்தெடுத்து ஒட்டுக் கட்டியதால் பெருகிய வகை அது. உயிர்களில் வேறுபாடு தோன்றுகிறது. மனிதன் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு பெருக்குகிறான். டார்வின் கேட்ட கேள்வி: மனிதன் இல்லாத காட்டிலும் கடலிலும் தெரிந்தெடுப்பது எது? ஒரு சாளை மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அத்தனையும் பிழைத்தால் கடல் கொள்ளாது. பிழைப்பவை சில. சூழலுக்குச் சற்றே பொருந்திய வேறுபாடுடையவை பிழைத்து, அந்த வேறுபாட்டைத் தம் குஞ்சுகளுக்குக் கொடுக்கின்றன. இது தலைமுறை தலைமுறையாக நடந்தால், ஒரே மூலத்திலிருந்து பல இனங்கள் கிளைக்கும். கொள்கையின் சாரம் இவ்வளவே. இன்று மரத்தில் இருக்கும் குரங்கு நமக்குப் பாட்டன் என்று அது சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் தொன்மையான ஒரு பொது மூதாதை உண்டு என்றே சொல்லுகிறது. அந்த வேறுபாட்டைக்கூட அறியாமல்தான் நான் ஒரு பையனைப் பரிகசித்தேன்.

என் பரிகாசமும் எனக்குச் சொந்தமானதன்று. 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த விவாதத்தில் பேராயர் வில்பர்ஃபோர்ஸ், ஹக்ஸ்லி என்பவரிடம் இதே தாத்தாக் கேள்வியைக் கேட்டதாகச் சொல்லுவார்கள். அங்கே பேசப்பட்ட சொற்கள் அப்படியே எழுதி வைக்கப்படவில்லை. ஆயினும் அந்தச் சிரிப்பு மட்டும் பேராயர்களிடமிருந்து போதகர்களுக்கும், போதகர்களிடமிருந்து ஓய்வுநாள் பள்ளிகளுக்கும் இறங்கி வந்திருக்கிறது. அதே காலத்தில், சார்லஸ் கிங்ஸ்லி என்னும் குருவானவர் இக்கொள்கை தேவனுடைய மகிமையைக் குறைப்பதில்லை என்று டார்வினுக்கு எழுதினார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே, ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசியாயிருந்துகொண்டே, அதற்காக வாதாடினார். வேறுபாடுகள் எவ்வாறு பிள்ளைகளுக்குக் கடத்தப்படுகின்றன என்பது டார்வினுக்குத் தெரியாமலே போயிற்று. அதற்கான திறவுகோலை ஒரு மடாலயத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளில் கண்டு, 1866-இல் வெளியிட்டவர் கிரகோர் மெண்டல் என்னும் துறவி. நாம் பரிகசிக்கும் வீட்டின் பாதித் தூண்களை நம்மவரே நட்டிருக்கிறார்கள்.

மணவாளக்குறிச்சி மணல்

இக்கொள்கைக்கு எதிரான மிக வலிய அறிவியல் வாதம் காலத்தைப் பற்றியது. இத்தகைய மாற்றத்துக்கு அளவற்ற காலம் வேண்டும். அக்காலத்தின் பேரறிஞரும் பக்தியுள்ள கிறிஸ்தவருமாகிய கெல்வின் பிரபு, உருகிய கோளம் குளிர எவ்வளவு காலமாகும் என்று கணக்கிட்டு, பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் இருக்கும் என்றார். பின்னாளில் அதை 2 முதல் 4 கோடி என்று குறைத்தார். இது டார்வினை வருந்தச் செய்தது. 1882-இல் அவர் மரிக்கும்வரை அவரிடம் நல்ல பதில் இல்லை.

பதில் கதிரியக்கத்திலிருந்து வந்தது. 1896-இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. யுரேனியமும் தோரியமும் மாறாத வேகத்தில் சிதைந்து, முடிவில் ஈயமாகின்றன. ஒரு தாதுமணியில் எவ்வளவு தோரியம், எவ்வளவு ஈயம் என்று அளந்தால், அது உருவாகி எத்தனை காலமாயிற்று என்று அறியலாம். தோரியத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். மிக மெதுவாக ஓடும் கடிகாரம் அது.

இங்கே நம் மாவட்டம் வருகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் ஒரு கனத்த தாதுவைக் கண்டார். அது தோரியம் அடங்கிய மோனசைட். அதைத் தேடி வந்த இடங்களில் முதன்மையானது மணவாளக்குறிச்சி. அக்காலத்தில் அதன் பயன் எரிவாயு விளக்கின் மேண்டிலுக்கு. மின்சாரம் வராத நாட்களில் வீட்டுக் கூட்டங்களுக்கு நம் மூத்தோர் தூக்கிச் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கை நினைத்துப் பாருங்கள். அதன் மேண்டிலை வெண்ணொளியாய் எரியச் செய்ததும் தோரியமே.

அந்த மணல் கடலில் பிறந்ததன்று. நம் மலைகளின் பாறைகள் மழையில் கரைந்து, ஆறுகளால் கடலுக்குச் சென்று, அலைகளால் கரையில் ஒதுக்கப்பட்டது. தென்னிந்திய முனையின் இந்தப் பாறைகளிலுள்ள மோனசைட் மணிகளை அளந்தவர்கள், அவற்றுள் பல 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று கண்டார்கள். கெல்வின் முழுப் பூமிக்கும் கடைசியாகக் கொடுத்த வயதைவிட, நம் கடற்கரையின் ஒரு மணல்மணி பத்து மடங்குக்கு மேல் மூத்தது. பூமியின் வயதோ ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் பேட்டர்சன் என்பவர் விண்கற்களைக் கொண்டு நிலைநாட்டினார்.

சபையாரே, அந்தக் கடற்கரையில் நின்று ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தேன். என் விசுவாசம் அங்கே குறையவில்லை. ஆண்டவருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாளைப்போல இருக்கிறது என்று பேதுரு எழுதியதை நான் எத்தனையோ அடக்க ஆராதனைகளில் வாசித்திருக்கிறேன். அதன் கனத்தை என் உள்ளங்கையில் உணர்ந்தது அன்றுதான்.

தவறிய ஓர் ஊகம்

அறிவியல் தவறுவதில்லையா என்று சிலர் கேட்பீர்கள். தவறும். அதற்கும் நம் குமரி மண்ணே சாட்சி. நம் காடுகளில் வாழும் தேவாங்குக்கு மடகாஸ்கர் தீவின் லெமூர்கள் உறவு. இடையில் பெருங்கடல் இருக்க இது எவ்வாறு ஆயிற்று என்று கேட்ட ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலாளர், 1864-இல், இரண்டையும் இணைத்த ஒரு நிலப்பரப்பு மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரியா என்று பெயரிட்டார். ஹெக்கல் என்பவர் மனிதன் தோன்றிய இடமும் அதுவாயிருக்கலாம் என்றார். கடல்கொண்ட நிலத்தைப் பற்றி நம் பழந்தமிழ் நூல்களிலுள்ள நினைவோடு அதை இணைத்து, குமரிக்கண்டம் என்று நம்மவர் பெருமிதம் கொண்டனர்.

பின்பு கண்டங்களே நகருகின்றன என்று 1912-இல் வெகனர் கூறினார்; 1960-களில் அது உறுதிப்பட்டது. மூழ்கிய கண்டம் தேவைப்படவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. 2003-இல் இடுக்கி மலைகளிலிருந்து பிஜுவும் போசுயிட்டும் விவரித்த ஊதா நிறத் தவளைக்கு, மலையாளத்தில் பாதாளத் தவளை என்பதற்கு, மிக நெருங்கிய உறவினர் செஷல்ஸ் தீவுகளில் வாழுகின்றன. உறவு உண்மை, ஊகித்த பாலம்தான் பிழை. சான்று வந்தபோது அறிவியலாளர் லெமூரியாவைக் கைவிட்டனர். தவறியதை ஒத்துக்கொள்ள அவர்களுக்கு நூறாண்டு ஆயிற்று. எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆகையால் நான் அவர்களைக் குறைகூற இயலாது.

ஒரே இரத்தம்

1859 என்னும் ஆண்டை நாம் மறக்கலாகாது. டார்வினின் நூல் நவம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில், தென் திருவிதாங்கூரில் நம் முன்னோரான பெண்கள் தோளை மூடிக்கொள்ளலாம் என்று மகாராஜா அறிவித்தார். அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் அல்லாமல் என்ற நிபந்தனையோடு. அதற்காக எத்தனை ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டார்கள் என்பதை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலர் தலையிலும் சிலர் காலிலும் தோன்றியவர்கள் என்ற எண்ணம் ஆட்சி செய்த மண் இது. மனுக்குலம் முழுவதும் ஒரே இரத்தத்தினாலானது என்று அப்போஸ்தலர் 17-இல் பவுல் அறிவித்ததைப் பற்றிக்கொண்டே நம் முன்னோர் நிமிர்ந்தார்கள்.

டார்வின் அடிமை முறையை வெறுத்தவர். மனித இனங்கள் யாவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று 1871-இல் வாதிட்டார். அவருக்குப்பின் பலர், ஹெக்கல் உட்பட, அதே கொள்கையை வளைத்து மனிதரை ஏணிப்படிகளாக அடுக்கினார்கள். அது பெரும்பாவத்துக்கு வழி வகுத்தது. வேதத்தை வளைத்து அடிமைத்தனத்துக்கு ஆதாரம் தேடியவர்களும் இருந்தார்களல்லவா? ஆகவே கொள்கை எதுவாயினும், அதைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்தும் இடத்தில் சபை எதிர்த்து நிற்கவேண்டும். நம் எதிர்ப்பு செலவிடப்படவேண்டிய இடம் அது. ஒன்பதாம் வகுப்புப் பையனின் கேள்வி அன்று.

எனக்குத் தெரிந்ததும் தெரியாததும்

சங்கீதம் 139, தாயின் கர்ப்பத்தில் தேவன் நம்மை உருவாக்கினதைப் பாடுகிறது. ஒன்பது மாதங்களில் கரு எப்படி வளருகிறது என்று மருத்துவர் ஸ்கேன் படத்தில் காட்டுகிறார். அந்தப் படத்தைப் பார்த்து விசுவாசத்தை இழந்த தாய் எவரையும் நான் கண்டதில்லை. கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்ன தாய்மாரையே கண்டிருக்கிறேன். ஒரு பிள்ளையைத் தேவன் படிப்படியாக உருவாக்குவார் என்று நம்புகிற நாம், உயிர்க்குலத்தை அவர் படிப்படியாக உருவாக்கியிருப்பார் என்பதைக் கேட்டு ஏன் அஞ்சவேண்டும்? ஆதியாகமம் 1-லும், உயிர்களைப் பிறப்பிக்கும்படி தேவன் பூமிக்கே கட்டளையிடுகிறார் அல்லவா? இயற்கையைக் குறித்து அறியாமல் பேசி வேதத்துக்கு நகைப்பைத் தேடித்தர வேண்டாம் என்று, ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதிய அகுஸ்தீன் கிறிஸ்தவரை எச்சரித்திருக்கிறார்.

எனக்கு விடை தெரியாதவையும் உண்டு. ஆதாமுக்கு முன்பே மரணம் இருந்ததென்றால், ரோமர் 5-ஐ எவ்வாறு முழுமையாக விளங்கிக்கொள்வது? அத்தனை கோடி ஆண்டுகள் உயிர்கள் பட்ட வேதனைக்குப் பொருள் என்ன? இவற்றை நான் இன்னும் ஜெபத்தில் சுமக்கிறேன். டார்வினையும் அலைக்கழித்தது இந்த வேதனையே. 1851-இல் அவருடைய அன்பு மகள் ஆனி பத்து வயதில் இறந்துபோனாள். அந்தத் தந்தையின் விசுவாசம் அதற்குப்பின் மீளவில்லை. பிள்ளையை அடக்கம் செய்த ஒரு தகப்பனிடம் எந்தப் போதகரும் குரங்குக் கதை சொல்லமாட்டார். அவரருகே அமர்ந்து அழுவார். லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவர் செய்ததும் அதுவே.

நாம் எல்லையில் வாழும் மக்கள். காலையில் பாறசாலைக்குப் போய் மலையாளத்தில் வணிகம் பேசி, மாலையில் களியக்காவிளைக்குத் திரும்பித் தமிழில் ஜெபிக்கிறோம். ஒரு மொழி மற்றொன்றைப் பொய்யாக்குவதாக நாம் எண்ணுவதில்லை. விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலுள்ள எல்லையையும் நம் பிள்ளைகள் அச்சமின்றிக் கடந்துவரக் கற்றுக்கொடுப்போம்.

சென்ற மாதம் நம் திடப்படுத்தல் வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் அறிவியல் புத்தகத்தையே கொண்டுவந்து, 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற பாடத்தைத் திறந்து என் முன்னே வைத்தாள். வேறு சொற்களில் அதே கேள்வி. இம்முறை, "உட்காரு அம்மா, இதில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது நிறைய; சேர்ந்து வாசிப்போம்" என்றேன். ஒரு மணி நேர வகுப்பு இரண்டு மணி நேரமாயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பேராசிரியருக்கும் எழுதினேன். மே மாத வாலிபர் கூடுகைக்கு வந்து தவளைகளைப் பற்றிப் பேச இயலுமா என்று கேட்டேன். தவளைகளைப் பற்றிப் பேசுவதாகவும், தேவனைப் பற்றி ஒன்றும் பேசமாட்டேன் என்றும் பதில் வந்தது. அப்படியே ஆகட்டும் என்று சம்மதித்தேன். மிருகங்களையும் ஆகாயத்துப் பறவைகளையும் கேட்டுப்பார், அவை உனக்குப் போதிக்கும் என்று யோபு சொல்லவில்லையா? அன்று தவளைகள் பேசட்டும், நாம் கேட்போம். நீங்களும் உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

ஜெபம்: எங்களை உருவாக்கின ஆண்டவரே, எங்கள் அறியாமையைச் சிரிப்பால் மறைத்த வேளைகளுக்காக மன்னிப்பு வேண்டுகிறோம். கேள்வி கேட்டு எங்களால் புண்பட்டுப்போன பிள்ளைகளை நீர் அறிவீர். அவர்களை நீரே தேடிச் செல்லும். உம்முடைய கிரியைகளை ஆராயும் அறிவையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தாழ்மையையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்
களியக்காவிளை